கோவில்பதாகையில் கூடாரம் போட்டவர்கள்

போன வாரம் நம் தோழி ஒருத்தி மூட்டுவலித் தைலம் எங்கே கிடைக்கும் என்று கேட்கப் போனில் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, "உங்க நெலத்துல ஒருதரம் கூடாரம் போட்டுகினு இருந்தாங்களே, யாரு அவுங்க, பட்டாளத்துக்காரங்களா?" என்றாள். ஆவடியில் வளர்ந்தவளுக்குக் கூடாரம் என்றால் பட்டாளம்தான் நினைவுக்கு வரும். இல்லை என்று சொல்லி, இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னேன். "இன்னா? சத்தமா சொல்லு, கேக்கல" என்றாள். நமக்கெல்லாம் காது மந்தமாகிக்கொண்டு வருகிற வயசு. அதனால் எழுதிவிடுவதே நல்லது என்று பட்டது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. பொங்கல் முடிந்து, நெல் அறுத்து, வயலில் அடிக்கட்டை மட்டும் காலைக் குத்திக்கொண்டிருந்த சமயம். கோவில்பதாகை ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு நிலம் இருந்தது, அதன் ஓரத்திலேயே வீடு. நைனா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். ஷிப்டு இல்லாத நேரத்தில் வயலில் நிற்பார். இரண்டையும் பாதிப் பாதியாகத்தான் செய்தார் என்று அம்மா சொல்வாள். இப்போது அந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய கார்கள் நிற்கும் இடம்தான் எங்கள் கிணறு இருந்த இடமாக இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், நிச்சயமில்லை. வருத்தமும் இல்லை. அந்த நிலம் யாருக்கும் வயிறார நெல் கொடுத்ததில்லை.

நைனாவின் அக்கா, என் அத்தை, குமணன்சாவடியில் இருந்தாள். கணவர் இல்லை. ஒரே மகன். பிறந்ததிலிருந்தே காது கேட்காதவர். தெருவில் எல்லோரும் "ஊமப் பையன்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. கறுப்பாக இருப்பவரைக் கறுப்பன் என்பதைப் போலச் சொன்னார்கள். காது கேளாதவர்களுக்கான பள்ளி விடுதியில் தங்கிப் படித்து, குமணன்சாவடியிலேயே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு. நைனாவுக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் அந்தப் பிரியம் ஐந்து வயதுக் குழந்தையின்மேல் வைப்பது போன்றது. பார்த்தால் தலையைத் தடவுவார், கன்னத்தைக் கிள்ளுவார். அவர் மீசை வைத்த ஆள் என்பது நைனாவின் கைக்குத் தெரிந்ததே இல்லை.

அந்த விடுதியில் கூடப் படித்தவர்கள் சேர்ந்து ஓர் இளைஞர் சங்கம் வைத்திருந்தார்கள். அத்தை மகனையும் சேர்த்து எட்டுப் பேர். அவர்களுக்கு ஓர் ஆசை. ஒரு சனி, ஞாயிறு எங்காவது கூடாரம் போட்டுத் தங்கி, கடலோரம் போய் மீன் பிடிக்க வேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"பொறுப்பு இன்னாக்கா பொறுப்பு? நான் கீறேன்" என்றார் நைனா. "நம்ம கழனில கூடாரம் போடட்டும். ஞாயித்துக்கெழம பழவேற்காடு இட்டுகினு போறேன். அங்க கருவாடு கொண்டாற படகுக்காரர் நமக்குத் தெரிஞ்சவருதான்."

அத்தை அழுதாள். அம்மா அழவில்லை. அத்தை போன பிறகு, "வயசுப் பொண்ண ஊட்ல வெச்சுகினு எட்டு ஆம்பளப் பசங்கள கூப்ட்டு வுட்டியே, ஊரு இன்னா பேசும்?" என்றாள். வயசுப் பெண் என் அக்கா. என்னைவிடப் பத்து வயது பெரியவள். குமணன்சாவடியில் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாம்பரம் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பேசறதுக்கு இன்னா கீது? பசங்களாலயே பேச முடியாது" என்றார் நைனா. தான் சொன்னதை நினைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

இருந்தாலும் அம்மாவின் திருப்திக்காக அவளுடைய தம்பி, என் மாமா, காவலுக்கு வரவழைக்கப்பட்டார். கூடாரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. மாமா தன் டிரான்சிஸ்டரோடு வந்து சேர்ந்தார். அதற்கு மான்தோல் நிறத்தில் ஓர் உறை உண்டு, காதுப்பக்கம் தேய்ந்து பளபளவென்றிருக்கும். அந்தப் பெட்டி பிறகு எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை.

கூடாரம், பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற கடையில் நைனா இரவல் வாங்கியது. கனமான பச்சைத் துணி. பிரித்ததும் பூஞ்சணமும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை வந்தது. சனிக்கிழமை காலையில் எட்டுப் பேரும் அத்தையோடு வந்து இறங்கினார்கள். நைனா கம்பை நடுவது எப்படி என்று கையை ஆட்டிக் காட்டத் தொடங்குவதற்குள் அவர்கள் பாதிக் கூடாரத்தை எழுப்பிவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் முழுக்க வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

அவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவ்வளவு சத்தம் போடுகிற விருந்தாளிகள் எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததில்லை. தகர வாளியை வைப்பதென்றால் தொம்மென்று வைப்பார்கள். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலால் உதைப்பார்கள், அந்த அதிர்வில் அவர் திரும்புவார். சிரித்தால் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வரும். தங்கள் சத்தம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. கூச்சமே இல்லாத ஆட்கள் என்று நினைத்தேன், எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் எங்கள் எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் வழக்கம் அது. ஒருவரைப் பார்த்து, அவரிடம் எது கண்ணில் படுகிறதோ அதைக் கையால் செய்து காட்டினால் அதுதான் அவர் பெயர். நைனாவுக்கு மீசையை முறுக்குவது. அம்மாவுக்கு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவது. மாமாவுக்குக் காதோரம் கையைக் குவித்து வைப்பது, டிரான்சிஸ்டர். எனக்கு முன்பல் விழுந்திருந்த நேரம், மேலுதட்டைச் சுண்டுவிரலால் ஒரு தட்டு. கண்ணாடி போட்ட ஒருவர்தான் எனக்குப் பெயர் வைத்தவர். எட்டுப் பேரில் மிகவும் மெலிந்தவர். அத்தை மகனுக்கு உயிர்ச் சிநேகிதர்.

அக்காவுக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. அவள் கிணற்றடிக்கு வந்தபோது ஒருவர் இன்னொருவரிடம், ஊசியில் நூல் கோத்துக் கன்னத்தோரம் இழுப்பது போலக் காட்டினார். மற்றவர் தலையாட்டினார். அவளுக்கு அந்தப் பெயர் எப்போது கிடைத்தது என்று கேட்கும் அறிவு எனக்கு இல்லை. பெரியவர்களுக்கும் இல்லை.

உபசாரத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டார் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நைனா அவர்களிடம் பேசும்போது கத்தினார். கேட்கவில்லை என்று தெரிந்ததும் இன்னும் பலமாகக் கத்தினார். ஏரியின் அக்கரையில் மாடு மேய்த்தவர் "இன்னாபா?" என்று பதில் கொடுத்தார். அம்மா குழம்பு மீனில் முள்ளை எடுத்து எடுத்து அவர்கள் இலையில் வைத்தாள், தொண்டையில் மாட்டினால் சொல்ல முடியாதே என்று. எட்டு வளர்ந்த ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு முள்ளில்லாத மீனைத் தின்றார்கள்.

பொழுது சாய்ந்ததும் கூடாரத்துக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் ஏற்றி வைத்திருந்தது. அவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு ஆனதும் நைனா நல்லெண்ணத்தோடு போய், "தூங்குங்கப்பா, காலைல போவணும்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் இருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"டேய் தம்பி, இன்னாடா பண்ண? பேசிகினு இருந்தவங்க வாயப் பொத்திட்டியே!"

நைனாவுக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு மறுபடி போய் விளக்கை ஏற்றினார். காற்றடித்துக் காற்றடித்து அவர் அதை ஏற்றியபோது, வெளிச்சம் வர வர, பாதியில் நின்ற பேச்சு அந்தரத்தில் நின்ற கைகளிலிருந்து மறுபடி கிளம்பியதைப் பார்த்தேன்.

மாமா கடமை தவறாமல் கட்டிலில் இருந்தார். அக்கா வீட்டு வாசல் விளக்கடியில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். தைப்பாள், நிறுத்துவாள், விரல்களை மடக்கி நீட்டுவாள், கன்னத்தைச் சொறிவாள், மறுபடி தைப்பாள். தையல் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மாமா அம்மாவிடம் அறிக்கை கொடுத்தார்.

"தங்கமான பசங்கக்கா. நம்ம பொண்ணப் பாத்து ஒருத்தன் ஒரு வார்த்த பேசல."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு டெம்போவில் கிளம்பினோம். செங்குன்றம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. நான் வருவேன் என்று அடம்பிடித்தேன். "இவள தண்ணியாண்ட யார் பாத்துக்கறது? நீயும் கூடப் போ" என்று அம்மாதான் அக்காவை அனுப்பினாள். அத்தைக்கு முழங்கால் வீக்கம், அவள் வரவில்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல இருந்த ஒரே ஆள் அவள்தான். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டு. படகுக்காரர் எங்களை அங்கே கொண்டுபோய் இறக்கினார். வயசானவர், உப்பில் ஊறிய குரல். "இப்ப நல்லாக்கீது. அப்பால ஏரித் தண்ணி கடலுக்கு எறங்க ஆரம்பிக்கும். அப்போ இஸ்துகினு போவும். முட்டிக்கு மேல எறங்க வுடாத" என்று நைனாவிடம் சொன்னார். பிறகு கொஞ்சம் கீழே, கடல் பக்கமாகப் போய், தான் போட்டிருந்த நண்டு வலையை எடுக்கத் தொடங்கினார்.

கரையில் அலை இரைச்சல் அப்படி. காற்றும் சேர்ந்துகொண்டது. நைனா பக்கத்தில் நின்று சொல்வதே எனக்குப் பாதிதான் கேட்டது. அவருக்குப் பயம் அப்போதுதான் வந்தது. தண்ணீரில் ஒருத்தன் தவறினால் எப்படிக் கூப்பிடுவது? கத்தினால் கேட்குமா? யோசித்தார். கிணற்றிலிருந்து தாம்புக்கயிற்றைக் கழற்றிக் கையோடு கொண்டு வந்திருந்தார். எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கடைசி முனை தன் கையில்.

கண்ணாடிக்காரர் வேண்டாம் என்று கையாட்டினார். நைனா பார்க்காதது போல முடிச்சைப் போட்டார். அவர் குனிந்து ஈர மணலில் விரலால் 'கயிறு வேண்டாம், ஆபத்து' என்று எழுதினார். அச்சடித்தது போன்ற அழகான எழுத்து. நைனா அதைப் படித்தார். அவர் தோளில் தட்டிக்கொடுத்து, "பயப்படாத கண்ணு, நான் புட்சிக்கறேன்" என்றார். அடுத்த அலை அந்த எழுத்தை அழித்துவிட்டது. அத்தை மகன் தன் சிநேகிதரைப் பார்த்து ஏதோ காட்டினார். 'மாமன் மனசு நோகும், விடு' என்று சொன்னாராம். அது பல வருஷம் கழித்துத் தெரிந்தது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று தூண்டில் வீசினார்கள். கிழங்கான் மீன் விழுந்தது. விரல் நீளத்துக்கு, வெள்ளியாக, துடித்துக்கொண்டு. ஒவ்வொன்று விழும்போதும் எட்டுப் பேரும் கத்துவார்கள், கயிறு குலுங்கும், நைனாவும் சேர்ந்து கத்துவார். வாளி பாதி நிரம்பியிருந்தது. ஒரு கெளுத்தியின் முள் குத்தி நைனாவின் கட்டைவிரல் வீங்கியது. அதையும் சிரித்துக்கொண்டே காட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது குறைவு.

தண்ணீர் திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை. வரிசையின் அந்தக் கோடியில் இருந்தவர் அத்தை மகன், உயரமானவர் என்பதால். அவர் காலடி மணல் சரிந்தது. ஒரு நொடி முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்றவர் மார்புவரை போனார், பிறகு கழுத்து. கயிறு விறைத்தது. பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் இரண்டடி இழுபட்டார், அவருக்கு அடுத்தவர் ஓரடி. நைனா குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தார்.

"வுடாதீங்கடா! இஸ்துப் புடிங்க!"

அவர்களும் பிடித்துத்தான் நின்றார்கள். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். அப்படி இழுக்க இழுக்க அத்தை மகன் தண்ணீருக்குள் போனார். ஓடுகிற தண்ணீரில் ஓர் ஆளைக் கயிற்றால் நிறுத்தினால் தண்ணீர் அவன்மேல் ஏறிப் போகும். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது நான் பார்த்தது, அவர் தலை வருவதும் போவதும், பிறகு வராமல் இருந்ததும்தான். தேங்காய்நார்க் கயிறு ஈரத்தில் ஊறி முடிச்சு இறுகிவிட்டிருந்தது. கண்ணாடிக்காரர் நீந்திப் போய்ப் பிடிக்கத் தன் இடுப்பு முடிச்சை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கீழே படகில் இருந்தவர் எழுந்து நின்று கத்தினார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கையால் இன்னொரு கை மணிக்கட்டை வெட்டுவது போலத் திரும்பத் திரும்பக் காட்டினார், தன் படகைத் தட்டிக் காட்டினார். நைனா கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படகுக்காரரைப் பார்த்தேன், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். கையைப் பார்த்துப் பேசப் பழகியவள் எங்களில் ஒருத்திதான் இருந்தாள்.

அக்கா என் கையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். முழங்கால் அளவுக்குப் போய் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கைகள் பேசின. இரண்டு விரல்களால் கத்தரிப்பது. விரித்து விட்டுவிடுவது. படகைச் சுட்டுவது. அவர் தலையை ஆட்டி மறுத்தார். சிநேகிதனை அறுத்துக் கடலில் விடச் சொல்கிறாள், யார்தான் உடனே செய்வார்கள்? அவள் மறுபடி சொன்னாள். இன்னும் வேகமாக, இன்னும் பெரிதாக, கன்னத்தில் கண்ணீர் வழிய. ஒரு பெண் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை, சத்தமே இல்லாமல்.

அவர் இடுப்பில் இரை நறுக்குகிற சின்னக் கத்தி இருந்தது. அதை உருவினார்.

நைனா அதைப் பார்த்துவிட்டார். "அறுக்காத! டேய், அறுக்காதடா! செத்துருவான்!" தொண்டை கிழியக் கத்தினார். வரிசையில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர்களில் யாருக்காவது காது கேட்டிருந்தால் பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கை தயங்கியிருக்கும்.

கயிறு அறுந்ததும் நைனா மல்லாக்க விழுந்தார். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெகு தூரத்தில், படகுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு தலை. படகுக்காரர் குனிந்து சட்டைக் காலரைப் பிடித்தார்.

அவரைத் திட்டுக்குக் கொண்டுவந்து குப்புறப் போட்டு அமுக்கினார்கள். தண்ணீராகக் கக்கினார். விலாவில் கயிறு அறுத்த தடம் சிவப்பாகச் சுற்றி ஓடியது. நைனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைகள் இரண்டும் தோல் உரிந்து ரத்தம். படகுக்காரர் அவரிடம் போய், "வுடச் சொல்லிக் கத்துனனே, காதுல வுழலியா?" என்று கேட்டார்.

அத்தை மகன் எழுந்து உட்கார்ந்ததும் முதலில் தேடியது அக்காவை. அவள் வந்து அவர் எதிரில் மண்டியிட்டாள். இரண்டு பேரும் பேசினார்கள். வேகமாக, ஒருவரை ஒருவர் இடைமறித்து, கோபித்து, சிரித்து. பழகிய பேச்சு அது. நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் முழுக்க அவர் கண்ணெதிரில் நடந்ததுதான். அதைப் பேச்சு என்று அவர் கண்டுகொண்டது அப்போதுதான்.

"ரெண்டு நாள்லயா இவ்ளோ கத்துகினா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

திரும்பி வரும்போது டெம்போவில் நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள்தான் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிக்காரரின் கண்ணாடி கடலில் போய்விட்டது. அவர் மூக்குக்கு நேரே கையைக் கொண்டுபோய் ஒவ்வொருவரும் பேச வேண்டியிருந்தது. கிழங்கான் வாளியைத் திட்டிலேயே விட்டுவிட்டு வந்தது பொன்னேரி தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் அத்தை தன் மகனுடைய சட்டையைத் தூக்கித் தடத்தைப் பார்த்தாள். தம்பியின் கைகளைப் பார்த்தாள். மஞ்சள் குழைத்து இரண்டு பேருக்கும் பூசினாள். அன்று மாலை பஸ்ஸில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அம்மா அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு நாள்ல பேச்சு வரும்னு உங்க நைனா நம்பலாம். நான் நம்ப மாட்டேன். எத்தினி நாளா?"

"டைலரிங் கிளாஸ் சேந்ததுலேந்து" என்றாள் அக்கா. "மத்தியானம் அத்த ஊட்லதான சாப்டறேன். அவரும் பிரஸ்லேந்து சாப்ட வருவாரு."

அடுத்த மாதம் அத்தை தாம்பாளத்தில் பழம் வெற்றிலையோடு வந்தாள். முறை இருந்தது, கேட்க உரிமை இருந்தது. நைனா தாம்பாளத்தைத் தொடவில்லை.

"வேணாம்க்கா."

"காது கேக்கலன்னுதான?"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை என்றால் ஆமாம் என்றுதானே அர்த்தம்? அத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மாமாவும் அப்படித்தான், "மச்சான் சொல்றது நாயந்தானே" என்றார். அத்தை தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அக்கா நைனாவோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். தாம்பரத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்று தலைவலி என்று படுத்துவிட்டாள்.

நைனாவின் மனசில் என்ன இருந்தது என்பது அம்மா அவரைப் பிடித்துக் கேட்ட அன்றுதான் வெளியே வந்தது. நான் அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

"காதுக்கு இன்னாடி? காது கேக்கறவன்லாம் இன்னா கிழிச்சிட்டான்?" என்றார். குரல் அவருடையது போல இல்லை. "கயிறு வேணாம்னு மண்ணுல எழுதிக் காட்டுனாங்க. படிச்சேன். படிச்சிட்டும் கட்டனேன். என் கையாலயே அவன தண்ணில அமுக்கனேன். அவன் எனக்கு மாப்ளையா வந்து தெனமும் எதிர்ல குந்துனா, நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு சோறு துன்றது?"

அம்மா இதை அக்காவிடம் சொன்னாள். அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அத அவராண்ட போய்ச் சொல்லச் சொல்லு" என்றாள். "எங்கிட்ட இன்னாத்துக்கு?"

அது நைனாவின் காதில் விழுந்ததா, அம்மா போய்ச் சொன்னாளா தெரியாது. ஒரு லீவு நாளில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. வெயில் இறங்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து, சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அச்சாபீஸ் வரைக்கும் போயிருந்தேன்" என்றார் அம்மாவிடம். "எங்கக்காவாண்ட ஆள் அனுப்பு. வைகாசில வெச்சுக்கலாம்."

அங்கே என்ன நடந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நைனாவுக்குக் கை பேசத் தெரியாது. அத்தை மகனுக்கு வாய்ப் பேச்சு கேட்காது. நடுவில் மாற்றிச் சொல்ல ஆள் யாரும் இல்லை. அக்கா கல்யாணமான நாளிலிருந்து தன் கணவரைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். சேக்காட்டில் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தலையெல்லாம் நரைத்துவிட்டது, இன்னும் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேர் விஷயம் என்று விரலைக் காட்டிவிட்டுச் சிரிப்பார். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று அவர் சட்டையைக் கழற்றிப் போட்டதும் அம்மா எடுத்துப் பார்த்தாள். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, கறுப்பு மை.

"இன்னா இது?"

"மிசின்ல சாஞ்சிட்டேன் போல."

அம்மா சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையும் தெளிவாகப் பதிந்திருந்தன. நானும் எட்டிப் பார்த்தேன். அவள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், சோடா உப்பில் ஊற வைத்தாள், வெயிலில் காய வைத்தாள். கொஞ்சம் வெளுத்தது, போகவில்லை. வேறு நல்ல சட்டைகள் இருந்தன. கல்யாணத்துக்கு நாள் குறிக்கக் குமணன்சாவடிக்குப் போனபோது நைனா அதைத்தான் போட்டுக்கொண்டு போனார்.